கையெழுத்துப் போடும் முன் மின்பெட்டியைத் திறந்து பாருங்கள்

புது நாட்டுக்கு வந்ததும் ஓட வேண்டிய ஆபீஸ் வேலைகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பதிவு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், முன்பணம், மின் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றுவது எல்லாம் படிவத்தில் கேட்டதை நிரப்பினால் ஒருவழியாக நடந்துவிடும். கடைசியில் சாவியோடு ஒரு தாள் நீட்டுவார்களே, வீட்டில் என்னென்ன இருக்கிறது, எது எந்த நிலையில் இருக்கிறது என்று பட்டியல் போட்டு, அங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். மின்பெட்டி எங்கே என்று கேளுங்கள். ஏஜென்ட் பக்கத்தில் நிற்கும்போதே அதைத் திறந்து, கரன்ட் கசிந்தால் இணைப்பை வெட்டுகிற ஆர்.சி.டி. என்ற சாதனத்தின் டெஸ்ட் பட்டனை அமுக்கிவிட்டு அப்புறம் பேனாவை எடுங்கள்.

ஆர்.சி.டி. என்பது ஊரில் நாம் ஈ.எல்.சி.பி. என்றும் ட்ரிப்பர் என்றும் பொத்தாம்பொதுவாகச் சொல்வதுதான். பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்று அச்சடித்திருக்கலாம், ஓவர்லோடையும் சேர்த்துக் கவனிக்கிற ரகமென்றால் ஆர்.சி.பி.ஓ. வட அமெரிக்காவில் ஜி.எஃப்.சி.ஐ. என்பார்கள், அங்கே பெரும்பாலும் குளியலறை, சமையலறை சாக்கெட்டிலேயே இரண்டு பட்டனோடு உட்கார்ந்திருக்கும். வரிசையாக நிற்கிற எம்.சி.பி.களை, அதாவது லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ விழும் சுவிட்சுகளை, பார்த்து ‘எல்லாம் இருக்கிறது’ என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான கரன்ட் அதன் கண்ணிலேயே படாது. டெஸ்ட் பட்டனும், 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்ற எண்ணும் இருக்கிறதா என்று தேடுங்கள். 100, 300 என்று போட்டிருந்தால் அது தீ விபத்தைத் தடுக்க வைத்தது, ஷாக்குக்கு அதை நம்ப முடியாது.

அது செய்கிற வேலை எளிது. ஃபேஸில் போன கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று கணக்குப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், உங்கள் உடம்பு வழியாகக்கூட இருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் சாதாரண ரகம் 300 மில்லிசெகண்டுக்குள் வெட்ட வேண்டும், அதைப்போல் ஐந்து மடங்கு கசிந்தால் 40 மில்லிசெகண்டுக்குள். ஆனால் வருடக்கணக்காக யாரும் தொடாமல் கிடந்தால் உள்ளே இருக்கிற இயக்கம் இறுகிப்போகலாம். வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும்.

என் நண்பர் ஒருவர் அகப்பட்டது இதில்தான். அவர் கையெழுத்துப் போட்ட தாளில் ‘மின் பாதுகாப்புச் சாதனம்: நல்ல நிலையில்’ என்று ஒரு வரி இருந்தது. கொஞ்ச காலம் கழித்து வாஷிங் மெஷினைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறியது. சந்தேகப்பட்டுப் போய் பட்டனை அமுக்கினால் ஒன்றும் அசையவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, ஆர்.சி.டி. செத்துப்போய்விட்டது, அந்த சாக்கெட்டில் எர்த் வயரும் கழன்று கிடக்கிறது என்றார். பில்லை அனுப்பினால் ஏஜென்ட் சொன்ன பதில்: நல்ல நிலையில் இருந்தது என்று நீங்களேதானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்? அந்த ஏஜென்டுக்கு மின்பெட்டி வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாது, அதைச் சொன்னால் கோபம் வேறு வருகிறது! கடைசியில் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், பட்டனை அமுக்க விடவில்லை என்றால் ‘சோதிக்கப்படவில்லை’ என்று அந்தத் தாளிலேயே உங்கள் கையால் எழுதுங்கள், போட்டோ எடுங்கள், அன்றைக்கே மெயில் போட்டுவிடுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற நம்முடைய கூச்சம் இங்கே ஒன்றுக்கும் உதவாது.

சோதிப்பது பெரிய வித்தை இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, வீட்டில் யாருக்காவது மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி இருந்தால் அதற்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டு, பட்டனை ஒரு தடவை அமுக்கினால் ஆர்.சி.டி.யின் லீவர் டக்கென்று விழ வேண்டும். பிறகு மேலே தூக்கிவிட்டால் சரி. விழவில்லை என்றால் விடாமல் அமுக்கிப் பிடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் கருகிவிடும், அதற்குமேல் எலக்ட்ரீஷியன் வேலை. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது அந்தச் சாதனத்திலேயோ பெட்டியிலேயோ ஒட்டியிருக்கும், நாட்டுக்கு நாடு மாறும்.

பட்டன் வேலை செய்தால் எர்த்தும் சரி என்று பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டனுக்கு எர்த் தேவையே இல்லை. சாதனத்துக்குள்ளேயே ஒரு சின்னக் கசிவை உண்டாக்கித்தான் அது விழுகிறது, வீட்டில் எர்த் வயர் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் ஜம்மென்று விழும். ஆகவே பட்டன் வேலை செய்தால் உள்ளே இயக்கம் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். எர்த் சரியா, எத்தனை மில்லிசெகண்டில் வெட்டுகிறது என்பதெல்லாம் எலக்ட்ரீஷியன் தன் மீட்டரில் பார்க்க வேண்டியவை. நல்ல எலக்ட்ரீஷியன் பட்டனைத் தொடும் முன்பே மீட்டரை வைப்பார். இறுகிக் கிடந்தது ஒருமுறை விழுந்து இளகிவிட்டால் அடுத்த தடவை நல்ல பிள்ளையாக வேகம் காட்டும், அப்புறம் உண்மை தெரியாது. ‘டெஸ்ட் பண்ணியாச்சு’ என்ற ஒற்றை வார்த்தையை ஏற்காமல், அளந்த எண்கள் உள்ள தாளைக் கேளுங்கள்.

எர்த் பின் இல்லாத அடாப்டர் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்திருப்பீர்கள், மூன்று பின் இஸ்திரிப் பெட்டியை அதில் செருகாதீர்கள். உள்ளே கசிவு இருந்தாலும் போக வழியில்லாததால் ஆர்.சி.டி. சும்மா இருக்கும், நீங்கள் தொடும்போதுதான் வழி கிடைக்கும். அதேபோல, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பைக் கட்டி எர்த் பார்க்கிற நம்மூர் வழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். 40 வாட் பல்பே 230 வோல்ட்டில் 170 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆர்.சி.டி. நன்றாக இருந்தால் வீடே இருட்டாகும், அதுவும் கெட்டு எர்த்தும் எங்காவது அறுந்திருந்தால் மற்ற சாமான்களின் உலோக உடம்பில் கரன்ட் ஏறி நிற்கும்.

ஆர்.சி.டி. அடிக்கடி விழுகிறது என்று யாராவது அதைத் தாண்டி நேராக வயர் போட்டுத் தருகிறேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஆர்.சி.டி.யைத் தூக்குங்கள், நின்றால் ஒவ்வொன்றாகச் செருகி எதில் விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் சூடாக்குகிற ஏதாவது ஒன்றின் காயிலாகத்தான் இருக்கும். எதைப் பிடுங்கினாலும் நிற்கவில்லை என்றால் கோளாறு வயரிங்கிலோ நிரந்தரமாக இணைத்த ஏதாவது ஒன்றிலோ இருக்கிறது, மறுபடி மறுபடி தூக்காமல் அப்படியே விட்டுவிட்டு ஏஜென்டுக்குப் போன் போடுங்கள், கூடவே எழுத்திலும்.