சுங்கை சிப்புட்டில் பழைய பஸ்களைப் படம்பிடிப்பதும் அடையாளம் காண்பதும்

பஸ்களைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு என்றால், "அதுக்குக் கோலாலம்பூர் போகணும் தம்பி, இங்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் டயர் கடையில் வேலை செய்பவன். இங்கே இருப்பது எனக்குத் தெரியும். பட்டணத்தில் பல வருஷம் ஓடிக் களைத்த பஸ்ஸை யாராவது வாங்கி, வேறு சாயம் அடித்து, தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றவோ பள்ளிப் பிள்ளைகளை ஏற்றவோ விடுவார்கள். அப்படி வருகிறவைதான் நம் ஊர்ப் பக்கம் ஓடுகின்றன. அது முன்பு எங்கே, யாரிடம், எந்த வேலையில் இருந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் எனக்கு ஆசை.

முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். முதல் எழுத்து ஏ என்றால் பேராக்கில் பதிவானது. பி (B) சிலாங்கூர், ஜே ஜொகூர், சி பகாங், கே கெடா, டபிள்யூவும் வியும் கோலாலம்பூர். பஸ் கைமாறினாலும் பெரும்பாலும் பழைய நம்பரோடுதான் வரும். தொழிலாளர் பஸ்ஸில் டபிள்யூ நம்பரைக் கண்டால் உடனே நடுப்பக்கத்தைப் பாருங்கள். நகர பஸ்ஸுக்கு இறங்குவதற்கென்று நடுவில் இன்னொரு கதவு இருக்கும். வாங்கியவர் அதைத் தகடு வைத்து அடைத்து உள்ளே இருக்கை போட்டிருப்பார். அந்த இடத்துச் சன்னல் மட்டும் மற்றதோடு ஒட்டாமல், கொஞ்சம் ஏறியோ இறங்கியோ நிற்கும்.

சாயத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். முன்னால் இருக்கும் சின்னத்தையும் நம்ப வேண்டாம், அது கழன்று விழுந்தால் கையில் கிடைத்ததை ஒட்டிவிடுவார்கள். சக்கரமும் அப்படித்தான், எங்கள் கடையிலேயே எத்தனையோ மாற்றியிருக்கிறோம். சன்னல் வரிசை, கதவு இருக்கும் இடம், இன்ஜின் இருக்கும் இடம், இந்த மூன்றும் லேசில் மாறாது.

சேசிஸ், அதாவது இன்ஜினும் சக்கரமும் பொருத்திய அடிச்சட்டம், ஒருவருடையது, மேல்கூடு இன்னொருவருடையது என்பதையும் மனதில் வையுங்கள். ஸ்கேனியா சேசிஸ் சுவீடன்காரர்களுடையது. அதன் மேல் கூடு கட்டியது ஜொகூர் செனாயில் இருக்கும் கெமிலாங்காக இருக்கலாம். குறிப்பேட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். சேசிஸ் பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது. மெர்சிடிஸில் ஓ.எஃப் என்றால் இன்ஜின் முன்னால், ஓ.எச் என்றால் பின்னால். ஓ.எச் 1626 என்பதில் 16 டன், 260 குதிரைசக்தி. மேன் (MAN) 18.280 என்றால் 18 டன், 280 குதிரைசக்தி. ஸ்கேனியாவில் கே என்றால் பின்புறம் நீளவாட்டில் வைத்த இன்ஜின், என் என்றால் பின்புறம் குறுக்கே வைத்தது. வோல்வோ பி7ஆர் என்பதில் 7 லிட்டர், பின்புற இன்ஜின். பி10எம்மில் இன்ஜின் வண்டியின் நடுவே தரைக்கு அடியில் கிடக்கும்.

சரி, படத்துக்கு வருவோம். கோலகங்சார் சாலை இங்கிருந்து மேற்கே போகிறது. அதனால் காலையில் கோலகங்சாரிலிருந்து வரும் பஸ்ஸின் முகத்தில் வெயில் நேராக விழும். ஜூன் மாதத்தில் சூரியன் வடக்கே ஒதுங்கியிருப்பதால், இடப்பக்கக் கதவும் சேர்ந்து பளிச்சென்று இருக்கும். டிசம்பரில் அந்தக் கதவுப் பக்கம் நிழலாகிவிடும். அப்போது மாலையில் கோலகங்சார் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். முகமும் ஒரு பக்கமும் முழுசாகத் தெரிகிற மாதிரிச் சாய்வாக ஒன்று, பின்பக்கம் ஒன்று, நம்பர் கிட்டத்தில் ஒன்று, இந்த மூன்றும் கட்டாயம். உச்சி வெயிலில் எடுத்தால் சக்கரமும் அடிப்பாகமும் கறுத்துப்போகும், அந்த நேரத்தில் சாப்பிடப் போய்விடுவேன்.

ஊர்ப் பெயர் காட்டும் எல்.இ.டி பலகை படத்தில் பாதி எழுத்தாக வந்தால், ஷட்டர் வேகம் அதிகம் என்று அர்த்தம். போனில் புரோ முறைக்குப் போய் 1/60 வையுங்கள், எழுத்து முழுசாக வரும். பஸ் நிற்கும்போது எடுங்கள், இல்லையென்றால் மங்கிவிடும்.

ஒரு நீலத் தொழிலாளர் பஸ் எனக்குப் பல மாதம் பிடிபடாமல் இருந்தது. இரவு ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு, ஏழரை மணிக்கு ஒட்டுக்கடை எதிரில் நிற்கும். ஒருநாள் பின்பக்கம் போய், தகட்டோடு கன்னம் ஒட்டுகிற அளவுக்குச் சாய்ந்து பார்த்தேன். பனி ஈரம் இன்னும் காயவில்லை. இளவெயில் பக்கவாட்டில் பட்டதும், நீலச் சாயத்துக்கு அடியில் பழைய எழுத்துகள் மேடாக எழும்பித் தெரிந்தன. பிரஷ் ஓடிய தடத்தில் இரண்டு எழுத்து தேய்ந்திருந்தது, மற்றதைத் தெளிவாக வாசிக்க முடிந்தது. நேருக்கு நேர் நின்றால் ஒன்றுமே தெரியாது. சாயம் மாறிய பஸ் எதுவானாலும் இப்படிச் சாய்ந்து பாருங்கள்.

டிரைவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். புகார் போடத்தான் எடுக்கிறான் என்று நினைத்துவிடுவார்கள். "அண்ணே, பழைய பஸ்ஸுன்னா எனக்கு உயிரு, ஒரு படம் எடுத்துக்கிறேன்" என்றதும் அந்த நீல பஸ்காரர் என்னை உள்ளேயே கூப்பிட்டு, சேசிஸ் எண் அடித்த தகட்டைத் துடைத்துக் காட்டினார். பள்ளி பஸ் என்றால் பிள்ளைகள் இறங்கிப் போன பிறகு மட்டும். ஒரு டிப்போவில் நான் கேட்காமல் நுழைந்தபோது, காவலர் எல்லாப் படத்தையும் அழிக்க வைத்தார். அதிலிருந்து வேலிக்கு வெளியேதான் நிற்கிறேன்.

தைப்பூசத்தைத் தவறவிடாதீர்கள். தூர ஊர் எக்ஸ்பிரஸ் பஸ்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையோடு போய்விடும். ஈப்போ கல்லுமலைக்கும் பினாங்குத் தண்ணீர்மலைக்கும் ஆள் ஏற்ற வாடகைக்கு எடுத்த சுற்றுலா பஸ்கள் அன்று தோட்டத்து வாசல் வரைக்கும் வரும்.

வீட்டுக்கு வந்ததும் படத்தின் பெயரில் நம்பரை முதலில் போட்டு, அப்புறம் தேதி, இடம், நிறம் என்று எழுதிவையுங்கள். அந்த நீல பஸ் நடுவில் ஒன்றரை வருஷம் கண்ணில் படவில்லை. போன மாதம் மஞ்சள் சாயத்தில் பள்ளி பஸ்ஸாக நின்றது. நம்பரைத் தேடினேன், பழைய படம் உடனே வந்தது.