ஏர்ல் கிரே: கொதிக்க விடாதீர்கள்

பாலையும் தூளையும் ஒன்றாகப் பொங்க வைத்து, இஞ்சி தட்டிப் போட்டு ஆற்றிக் குடிக்கும் தேநீருக்கு நான் எதிரி அல்ல. ஆனால் ஏர்ல் கிரே தேயிலையை அப்படிக் காய்ச்சினால் கொடுத்த காசு ஆவியாகிவிடும். இலைமேல் ஏற்றிய பெர்கமாட் எண்ணெய்தான் அதன் உயிர். கொதி வந்தால் அது தங்காது.

பெர்கமாட் எலுமிச்சை இனத்துப் பழம். இத்தாலியின் தென்கோடியிலுள்ள கலாப்ரியாவின் கடலோரத்தில்தான் பெரும்பங்கு விளைகிறது. சாறு கசப்பும் புளிப்புமாக இருக்கும், மதிப்பெல்லாம் தோலுக்குத்தான். சூடு காட்டாமல் தோலிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். ஓடிகொலோனில் மணப்பதும் இதுதான்.

ஒரு கோப்பைக்கு 200 மில்லி தண்ணீர், தலை தட்டிய ஒரு தேக்கரண்டி இலை. பீங்கான் கெண்டியில் வெந்நீர் ஊற்றி, அலசிக் கொட்டிவிடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் விட்டு இலைமேல் ஊற்றி உடனே மூடுங்கள். மூடி மிக முக்கியம். 3 நிமிடம் கழித்து அதைத் திறந்து, உட்புறத்தில் முத்து முத்தாக நிற்கும் நீரை முகர்ந்து பாருங்கள். நாரத்தை இலையைக் கசக்கியது போல மணக்கும். வடிகட்டிவிடுங்கள். மேலும் ஊறினால் துவர்ப்பு மணத்தை அமுக்கிவிடும்.

சர்க்கரை உங்கள் விருப்பம். பால் வேண்டுமானால் 4 நிமிடம் ஊறவிட்டு, ஒரு கரண்டி மட்டும். ஏலக்காய் வேண்டவே வேண்டாம். டப்பாவையும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பெயர்க்காரர் சார்லஸ் கிரே ('ஏர்ல்' என்பது அவருடைய பிரபுப் பட்டம்), 1830 முதல் 1834 வரை பிரிட்டன் பிரதமர். சீன அதிகாரி ஒருவரின் மகனைக் காப்பாற்றியதற்கு நன்றியாக இந்தக் கலவை அவருக்குக் கிடைத்தது என்பார்கள். அவர் சீனா பக்கமே போனதில்லை! 1837-இல் இங்கிலாந்தில் ஒரு வியாபார நிறுவனம் தேயிலைக்குப் பெர்கமாட் மணம் ஏற்றியதற்காக வழக்கில் சிக்கியது. சாதாரண இலையை உயர்ந்த சரக்காகக் காட்டும் தந்திரம் அது. பிற்பாடு டுவைனிங்ஸ், ஜாக்சன்ஸ் ஆஃப் பிக்காடிலி என்ற இரண்டு லண்டன் கடைகளும் எங்களுடையதே அசல் என்று உரிமை கொண்டாடின. எனக்கென்னவோ அந்த வழக்குதான் நம்பும்படியான பூர்வீகம்.

வெயில் காலத்தில் அடுப்பே வேண்டாம். ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் நான்கு தேக்கரண்டி இலை போட்டு, மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் வடிகட்டுங்கள். துவர்ப்பே தெரியாது.