மலையகத்துல இருந்து பஸ்லயும் கோச்சிலயும் (ரயில்லயும்) கட்டுநாயக்க ஏர்போர்ட் போறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம்ம பக்கம் இப்ப வீட்டுக்கு ஒருத்தராவது வெளிநாட்டுல இருக்காங்க, சவுதி, குவைத், டுபாய், கட்டார்னு. முதல் தடவ போறவங்க நெறைய பேருக்கு பிளைட் ஏறுற பயத்த விட தோட்டத்துல இருந்து ஏர்போர்ட் வரைக்கும் போய் சேர்றதுதான் பெரிய தலைவலி. வேன் பிடிச்சா ஈசிதான், ஆனா ஏற்கனவே கடன் வாங்கி போற குடும்பத்துக்கு அந்த வேன் காசு பெரிய காசு. பஸ்ல, கோச்சில தாராளமா போகலாம், தெனமும் எத்தனையோ பேர் போறாங்க. போக முடியாம ஆகுறது வழி இல்லாததால இல்ல, ஒரு சில தவறுகளாலதான், அதையும் திரும்ப திரும்ப ஒவ்வொரு வீட்டுலயும் செய்றத பாக்குறதாலதான் இத எழுதுறேன்.

எல்லாத்துக்கும் மேல ஒரு விஷயம் மனசுல இருக்கட்டும். நம்ம பயணத்துல நம்ப முடியாத பகுதி மலைதான். மண் சரிவு, பனி, ஒத்தை ரோட்டுல லொறி குறுக்க நிக்கிறது எல்லாம் மேலதான் நடக்கும், கீழ இறங்கிட்டா ஒரு பஸ் போனா இன்னொரு பஸ், அதுவும் இல்லனா த்ரீவீல். அதனால காத்திருக்கிற நேரத்த மேல வீட்டுல உக்காந்து கழிக்காதீங்க, பகல் வெளிச்சத்துலயே மலைய விட்டு இறங்கிருங்க, மிச்ச நேரத்த கீழ போய் காத்திருங்க. ஏர்போர்ட்ல ஆறு மணித்தியாலம் சும்மா உக்காந்தவங்க யாரும் பிளைட்ட விட்டதில்ல.

இனி தவறுகளுக்கு வர்றேன். ரொம்ப பேர் மாட்டுறது திகதியில. வளைகுடா பக்கம் போற பிளைட் கனக்க ராத்திரியிலயும் விடியகாலையிலயும்தான் கிளம்பும். டிக்கட்ல 15ஆம் திகதி 02:10னு போட்டிருந்தா அது 15ஆம் திகதி பகல் ரெண்டு மணி இல்ல, 14ஆம் திகதி ராத்திரி படுத்து எந்திரிக்கிறதுக்கு முன்ன வர்ற ரெண்டு மணி. அப்ப நீங்க ஏர்போர்ட்ல இருக்க வேண்டியது 14ஆம் திகதி ராத்திரி. இத தெரியாம 15ஆம் திகதி காலையில சாமி கும்பிட்டு, எல்லாருக்கும் சொல்லிட்டு, கண்ணீரோட பஸ் ஏறி போய் இறங்குறப்ப பிளைட் அங்க போயே சேர்ந்திருக்கும். அதே மாதிரி 00:35னு இருந்தாலும் அப்படித்தான், அந்த திகதி பொறந்து முப்பத்தஞ்சு நிமிஷத்துல பிளைட். ஏஜென்சிக்காரங்க போன்ல "பதினஞ்சாம் திகதி பிளைட்"னு மட்டும் சொல்லுவாங்க, அத கேட்டு நிக்காதீங்க. டிக்கட்ட வாங்கி நேரத்த பாருங்க, வீட்டுல படிச்ச புள்ளைங்க ரெண்டு பேருக்கு காட்டுங்க, காலண்டர்ல எந்த நாள் ராத்திரி வீட்ட விட்டு வெளிய இருக்கணுமோ அந்த நாள வட்டம் போட்டு வைங்க.

அடுத்தது நேரத்த முன்னுக்கு எண்ணுறது. "ஹட்டன்ல இருந்து கொழும்பு அஞ்சு மணித்தியாலம், அங்க இருந்து ஏர்போர்ட் ஒரு மணித்தியாலம், ஆக ஆறு மணித்தியாலம் போதும்"னு கணக்கு போடுவாங்க. இது சரி வராது, பின்னால இருந்து எண்ணணும். அதே 02:10 பிளைட்ட எடுங்க. செக்இன் கவுன்டர பெரும்பாலும் பிளைட்டுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கப்பவே மூடிருவாங்க, சில கம்பனி அதுக்கும் முன்னயே. மூடினா மூடினதுதான், கெஞ்சினாலும் திறக்க மாட்டாங்க. மூணு மணித்தியாலத்துக்கு முன்னயே வாசல்ல நிக்கணும்னா ராத்திரி 11 மணி. 11க்கு அங்க நிக்கணும்னா எட்டு மணிக்குள்ள கொழும்பு புறக்கோட்டை பஸ் ஸ்டாண்ட்ல இருக்கணும், ஏன்னா ராத்திரி ஆக ஆக ஏர்போர்ட் பஸ் குறையும், நிரம்புற வரைக்கும் நிப்பாட்டியும் வைப்பாங்க. எட்டுக்கு புறக்கோட்டைனா, அஞ்சு மணித்தியால ஓட்டத்துக்கு இன்னொரு மூணு மணித்தியாலம் கையில வச்சு, பகல் 12க்கு முன்ன ஹட்டன் டவுன்ல பஸ் ஏறியிருக்கணும். மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் உள்ள தோட்டத்து டிவிஷன்ல இருந்து வர்றவங்க லயத்து வீட்டுல இருந்து டவுனுக்கு வர்ற நேரத்தையும் சேர்த்துக்கோங்க, தோட்டத்து பஸ் ஒரு ட்ரிப்ப விட்டா அடுத்தது எப்பனு உங்களுக்கே தெரியும். அப்படி பாத்தா காலையில ஒன்பது மணிக்கு வீட்ட விட்டு கிளம்பணும். ராத்திரி ரெண்டு மணி பிளைட்டுக்கு காலையில ஒன்பது மணிக்கானு சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

கோச்சிய பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். பதுளை, எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை, நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் ஆளுங்களுக்கு கோச்சி மேல ஒரு தனி பாசம், டிக்கட்டும் மலிவு, பெட்டி வைக்கவும் இடம் இருக்கும், வாந்தி வராது. ஆனா பிளைட் உள்ள அன்னைக்கு கோச்சிய மட்டும் நம்பி போறது தவறு. நம்ம லைன் 1924ல பதுளை வரைக்கும் வந்து சேர்ந்த பழைய லைன், றம்புக்கணைக்கு மேல ஒத்தை பாதைதான். எதிர்ல வர்ற கோச்சிக்கு வழி விட ஸ்டேஷன்ல நிக்கணும், ஒன்னு பிந்தினா அதுக்கு பின்னால உள்ள எல்லாமே பிந்தும். பதுளையில இருந்து கொழும்பு கோட்டைக்கு ஒழுங்கா ஓடினாலே ஒன்பது பத்து மணித்தியாலம். மழை காலத்துல மண்ணும் மரமும் பாதையில விழுறது புதுசு இல்ல, 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சப்ப மலைநாட்டு பாதை பல இடத்துல உடைஞ்சு போனத எல்லாரும் பாத்தோம். அதனால போன மாசம் அண்ணன் அந்த கோச்சில போனாரு, நானும் அதுல போறேன்னு கிளம்பாதீங்க. உங்க ஸ்டேஷன்ல இருந்து எங்க வரைக்கும் இப்ப ஓடுதுனு ஸ்டேஷன்லயே நேர்ல கேளுங்க, இல்லனா ரயில்வே நம்பர் 1971க்கு கோல் எடுங்க. வேலைநிறுத்தம் வந்தாலும் முதல்ல நிக்கிறது கோச்சிதான், முதல் நாள் ராத்திரி நியூஸ் பாத்துட்டு படுங்க.

கோச்சிலதான் போவேன்னா முதல் நாளே போயிருங்க. வத்தளையிலயோ கொட்டாஞ்சேனையிலயோ கடையில வேலை செய்ற சொந்தக்காரங்க இல்லாத குடும்பம் நம்மகிட்ட குறைவு, ஒரு ராத்திரி அங்க தங்குறதுக்கு வெக்கப்படாதீங்க. நடுவுல றாகம ஜங்ஷன்ல இறங்கி புத்தளம் லைன் கோச்சி மாறினா கட்டுநாயக்க பக்கமே போகலாம், ஏர்போர்ட் பேர்லயே ஒரு ஸ்டேஷன் இருக்கு. ஆனா அது வேலைக்கு போறவங்களுக்கு ஓடுற கோச்சி, ஆபிஸ் நேரம் தவிர்த்து அடிக்கடி இருக்காது, கூட்டத்துல பெரிய சூட்கேஸோட ஏறவே முடியாது. பகல்ல, கை பேக் மட்டும் உள்ளவங்களுக்கு சரி, மத்தவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பஸ்ஸுக்கு வருவோம். எல்லாரும் கொழும்புக்கு போய்த்தான் திரும்பணும்னு நினைக்கிறது ஒரு தவறு. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, புஸ்ஸல்லாவை ஆளுங்க, ஏன் மாத்தளை ஆளுங்களும்தான், கண்டிக்கு வந்து நீர்கொழும்பு பக்கம் போற பஸ்ஸ பிடிச்சா கட்டுநாயக்க கிட்டவே இறங்கலாம். கொழும்பு ட்ராபிக்க பாக்கவே தேவையில்ல. அது கிடைக்கலனா கொழும்பு பஸ்ல வந்து நிட்டம்புவயில இறங்கி, மினுவாங்கொடை பக்கமா மாறி மாறி போறதும் வழிதான், ஆனா பெட்டியோட ரெண்டு மூணு பஸ் மாறுறது வெளிச்சம் இருக்கப்ப மட்டும்தான் நல்லது. ஹட்டன், நுவரெலியா ஆளுங்க கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளைனு இறங்குறவங்க, அவங்களுக்கு புறக்கோட்டைதான் லேசு. பதுளை, பண்டாரவளையில இருந்து பலாங்கொடை, இரத்தினபுரி வழியா 99 பஸ்ல வர்றவங்களுக்கும் அப்படித்தான். எந்த வழியா வந்தாலும் ரெண்டு மூணு மாகாணம் தாண்டி வர்றோம், மேல வெயில் அடிக்குதுனா கீழயும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண் சரிவுக்கு சிவப்பு எச்சரிக்கை விட்டா கடுகண்ணாவ மாதிரி இடத்துல ரோட்டையே மூடிருவாங்க, மழை நாள்ல அன்னைய நியூஸ கட்டாயம் பாருங்க. அனர்த்த முகாமைத்துவ நிலையத்து நம்பர் 117.

புறக்கோட்டையில இறங்கின உடனே செய்ற தவறு, பெட்டிய தூக்கிட்டு வர்ற முதல் ஆளு பின்னால போறது. "ஏர்போர்ட் பஸ் முடிஞ்சிருச்சு, இன்னைக்கு இல்ல, வாங்க த்ரீவீல்ல விடுறேன்"னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. ஏர்போர்ட் பஸ் 187. 2013ல திறந்த அதிவேகப் பாதையில போற 187னா பேலியகொடை பக்கம் ஏறி ட்ராபிக் இல்லாம அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலத்துல விட்டுரும். 240 நீர்கொழும்பு பஸ், அது பழைய ரோட்டுல ஜா-எல, சீதுவனு ஹோல்ட் ஹோல்ட்டா நின்னு போகும், ஏர்போர்ட் சந்தியிலதான் இறக்கி விடும், அங்க இருந்து உள்ள போக த்ரீவீல் எடுக்கணும். நேரம் இருந்தா 240ம் தப்பில்ல, அவசரத்துல ஏறிட்டு பாதி வழியில பதறக்கூடாது. பஸ் நிக்கிற இடத்த அப்பப்ப மாத்துறாங்க, அதனால யாராவது சொன்ன பழைய அடையாளத்த தேடி அலையாம, ஸ்டாண்ட்ல உள்ள டைம் கீப்பர்கிட்ட கேளுங்க. ஏறினதும் கண்டக்டர்கிட்ட "உள்ள டேர்மினல் வரைக்கும் போகுமா, வெளிய ஸ்டாண்ட்லயா"னு கேட்டுருங்க, சிங்களம் வராட்டி டிக்கட்ட காட்டினாலே அவருக்கு விளங்கும்.

சாமான் விஷயத்துலயும் இப்படித்தான். ஏர்போர்ட் பஸ் கனக்க சின்ன பஸ், பெரிய பெட்டிக்கு ஒரு சீட்டு காசு கேப்பாங்க, அத ஏறுறதுக்கு முன்னயே பேசிக்கோங்க, அநியாயமா கேட்டா பஸ் நம்பர எழுதி வச்சு போக்குவரத்து ஆணைக்குழு நம்பர் 1955க்கு சொல்லலாம். பெட்டி எத்தன கிலோனு டிக்கட்லயே இருக்கும், ஏர்போர்ட்ல போய் திறந்து அம்மா கட்டி குடுத்த ஊறுகாயையும் தேயிலையையும் வெளிய எடுத்து வைக்கிறது பாக்கவே கஷ்டமா இருக்கும். கொழுந்து நிறுக்கிற தராசுல வீட்டுல இருந்தே நிறுத்து பாருங்க. பாஸ்போட், டிக்கட், விசா பேப்பர், காசு இது நாலும் டிக்கில போற பெட்டிக்குள்ள இருக்கவே கூடாது, உடம்போட இருக்கணும், பஸ்ல தூங்குறப்பவும். வேலைக்கு போறவங்க வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்துல பதிஞ்ச பேப்பரும் அதோடயே இருக்கட்டும், ஏர்போர்ட்ல அத பாப்பாங்க. அதுல சந்தேகம்னா ஊர்ல இருக்கப்பவே பணியகத்து நம்பர் 1989க்கு கோல் எடுத்து கேளுங்க, கவுன்டர்ல நின்னுட்டு கேக்குற கேள்வி இல்ல அது.

சீசன மறக்குறதும் பெரிய தவறு. டிசம்பர் பௌர்ணமியில இருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன், சனி ஞாயிறும் போயா (பௌர்ணமி) லீவும் சேர்ந்தா ஹட்டன்ல பஸ்லயும் கோச்சிலயும் கால் வைக்க இடம் இருக்காது. ஏப்ரல்ல நுவரெலியா சீசன் ட்ராபிக். சித்திரை வருஷப்பிறப்பு ரெண்டு நாளும் பிரைவேட் பஸ்காரங்க ஊருக்கு போயிருவாங்க, இ.போ.ச. (அரசாங்க) பஸ்ஸும் எண்ணி எண்ணித்தான் ஓடும். தீபாவளிக்கு கொழும்புல இருந்து நம்ம ஊருக்குத்தான் கூட்டம், திரும்புற நாள்ல சீட்டு கிடைக்காது. அந்த மாதிரி நாள்ல பிளைட் இருந்தா ஒரு நாள் முன்னயே போறதுல யோசனையே வேணாம்.

இன்னொன்னு சின்னது, ஆனா நடக்குது: எந்த ஏர்போர்ட்னு பாக்காம கிளம்புறது. டிக்கட்ல சிஎம்பினு இருந்தா கட்டுநாயக்க. ஜேஏஎப்னா யாழ்ப்பாணம் பலாலி, எச்ஆர்ஐனா மத்தள. சென்னைக்கு மலிவா டிக்கட் தேடுறவங்களுக்கு பலாலி டிக்கட் விழ வாய்ப்பு இருக்கு, அதுக்கு வழியே வேற.

கடைசியா, வழியனுப்ப போறவங்க. ஒருத்தர் போறதுக்கு பத்து பேர் கூட போறது நம்ம வழக்கம், அத வேணாம்னு சொல்ல மனசு வரல, ரெண்டு வருஷம் பாக்க முடியாத புள்ளைய யாருதான் வாசல்லயே விட்டுருவாங்க. ஆனா பஸ்ல போறப்ப ரெண்டு பேர் போதும், அதுல ஒருத்தர் சிங்களம் நல்லா பேசுறவரா இருக்கட்டும். பயணி உள்ள போனதும் இவங்க உடனே கிளம்பிராம, செக்இன் முடிஞ்சு கோல் வர்ற வரைக்கும் வெளிய நிக்கணும், பேப்பர்ல ஏதாவது குறைனா, பெட்டியில இருந்து ஏதாவது எடுத்து குடுத்தா வாங்க ஆள் வேணும். ராத்திரி நேரத்துல கட்டுநாயக்கயில இருந்து மலைக்கு நேரா பஸ் கிடைக்கும்னு எதிர்பார்க்காதீங்க, விடியிற வரைக்கும் இருந்துட்டு காலையில முதல் 187ல புறக்கோட்டைக்கு வந்து ஹட்டன் பஸ் ஏறுங்க, திரும்பி வர்ற பஸ் காசையும் சாப்பாட்டு காசையும் கிளம்புறப்பவே தனியா எடுத்து வச்சுக்கோங்க, போறவங்க கையில மிச்சம் எல்லாத்தையும் திணிச்சு விட்டுட்டு வெறுங்கையோட நிக்காதீங்க.