முதல் பைக்கில் எதை மாற்றலாம், எதை விட்டுவைக்கலாம்

முதல் பைக்கைத் தேர்ந்தெடுக்கும்போது இன்ஜின் எத்தனை சிசி என்பதைத்தான் பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். அந்த எண் தேவையானதுதான். ஆனால் பழகும் காலத்தில் வண்டியின் எடையும் இருக்கையின் உயரமும் அதைவிட அதிகமாக உங்களைச் சோதிக்கும். புதியவர்கள் வண்டியைக் கீழே போடுவது வேகத்தில் செல்லும்போது மட்டுமல்ல. நிறுத்தும்போதும், குறுகிய இடத்தில் திருப்பும்போதும், சரிவில் பின்னோக்கித் தள்ளும்போதும் அது எளிதில் நேர்ந்துவிடும். ஆகவே வாங்குவதற்கு முன் வண்டியில் அமர்ந்து இரு கால்களின் முன்பாதமாவது தரையில் உறுதியாக ஊன்றுகிறதா என்று பாருங்கள். பிறகு இறங்கி, இன்ஜினை இயக்காமல், ஹேண்டில்பாரை முழுவதுமாகத் திருப்பிப் பத்தடி தள்ளிப் பாருங்கள். அப்போதே மூச்சு வாங்கினால் வேறு வண்டியைப் பார்ப்பது நல்லது. ஏபிஎஸ் (திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியும் இல்லாத வண்டியும் எதிரில் இருந்தால், அலங்காரத்துக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தைக் குறைத்துக்கொண்டாவது முன்னதை வாங்குங்கள்.

வண்டி கைக்கு வந்ததும் எதையாவது மாற்றிப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பு. எனினும் முதல் சில ஆயிரம் கிலோமீட்டர்களை நிறுவனம் கொடுத்த நிலையிலேயே ஓட்டிவிடுங்கள். வண்டியின் இயல்பு எது என்று கைக்குத் தெரியாதவருக்கு, மாற்றத்துக்குப் பின் அது மேம்பட்டதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. மேலும், புதிய இன்ஜினை முதல் 1000 கிலோமீட்டர் வரை, அளவுக்கு மீறி முறுக்காமல் ஓட்டும்படி பல கையேடுகள் கூறுகின்றன. புதிய டயரின் மேற்பரப்பும் முதல் 100 முதல் 150 கிலோமீட்டர் வரை முழுப் பிடிப்பைத் தராது. டயர் பழகிய பின், இந்தக் காலத்தின் மீதியை ஆளில்லாத திறந்த இடத்தில் பிரேக் பழகுவதற்குப் பயன்படுத்துங்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு நகர்வதால், நிறுத்தும் விசையில் பெரும்பகுதி முன் பிரேக்கிலிருந்தே கிடைக்கிறது. அதைக் கண்டு அஞ்சிப் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர் நெருக்கடியில் நிற்க முடியாமல் தவிப்பார். லீவரைச் சட்டென்று கவ்வாமல், முதலில் மென்மையாக அழுத்தி, எடை முன்னே வந்த பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் சுமார் நான்கு மடங்காகும். இன்னும் சில குதிரைத்திறனைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைக் கால்களும் விரல்களும் அறிந்திருக்க வேண்டும்.

செலவே இல்லாத மாற்றங்களை ஏனோ பலர் மாற்றமாகவே எண்ணுவதில்லை. கிளட்ச், பிரேக் லீவர்கள் முன்கையின் நேர்கோட்டில் வரும்படி சற்று இறக்குவது, காலணியின் பருமனுக்கு ஏற்பக் கியர் லீவரின் உயரத்தைச் சரிசெய்வது, கண்ணாடிகளில் உங்கள் தோளுக்குப் பதிலாகப் பின்னால் வரும் சாலை தெரியும்படி திருப்புவது ஆகியவை அரைமணி நேர வேலை. பின்பக்க சஸ்பென்ஷனின் ப்ரீலோடை, அதாவது அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அளவை, தனியாக ஓட்டும்போது ஓர் அளவிலும், பின்னால் ஒருவர் அமரும்போது வேறோர் அளவிலும் வைத்தால், அதுவரை முரட்டுத்தனமாகத் தோன்றிய வண்டி அமைதியாகிவிடும். டயரின் காற்றழுத்தத்தை, ஓட்டுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிய டயர் சூடேறி அளவைக் கூட்டிக் காட்டும். செயினைப் பொறுத்தவரை, தளர்வாக இருப்பதைவிட இறுக்கமாக இருப்பதே நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. பின்பக்க சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் மேலும் இறுகும் என்பதால், ஏற்கெனவே இறுக்கமான செயின் பேரிங்குகளையும், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் தின்றுவிடும். கீழ்ப்புறச் செயினின் நடுவில் மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, கையேடு சொல்லும் தளர்வை விட்டுவைக்க வேண்டும்.

பணம் செலவழிக்கத் தொடங்கினால் முதலில் உடம்புக்குச் செலவழியுங்கள். ஹெல்மெட் கன்னங்களை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தலையை ஆட்டும்போது அது தனியாக நழுவக்கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கக்கூடும் என்பதால் ஒதுக்கப்பட வேண்டியதே. விழுகிறவர் தன்னையறியாமல் கையைத்தான் ஊன்றுவார். ஆகவே கையுறை அடுத்தது.

அதன் பிறகு வண்டிக்கு வரலாம். நிறுவனம் குறிப்பிட்ட அதே அளவில் தரமான டயர்கள், விரல் நீளத்துக்கு ஏற்பச் சரிசெய்யக்கூடிய லீவர்கள், வண்டி விழும்போது இன்ஜினைக் காக்கும் கம்பியான கிராஷ் கார்டு ஆகியவை ஒரு புதியவருக்கு உண்மையாகவே பயன்படுபவை. கூடுதல் விளக்குகள் பொருத்துவதானால் தனி ஃபியூஸும் ரிலேயும் (விளக்குக்கான மின்சாரத்தை இயக்கி நிறுத்தும் மின்விசை) வைத்து, வண்டியின் மின்னுற்பத்தி அந்தச் சுமையைத் தாங்குமா என்று கணக்கிட்டுச் செய்ய வேண்டும். வயரை வெட்டி ஒட்டி டேப் சுற்றிய இணைப்பு ஏதாவது ஒரு மழைநாளில் வண்டியை வழியில் நிறுத்திவிடும். ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தத்துக்குரியது.

சைலன்சரை மாற்றுவதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சத்தம் கூடுவதால் வேகமும் கூடியதுபோல் தோன்றும். உண்மையில், புகை வெளியேறும் வேகமும் ஏர் ஃபில்டர் வழியே காற்று நுழையும் அளவும் மாறும்போது எரிபொருளின் அளவையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். இல்லையெனில் கலவையில் எரிபொருள் குறைந்து, இன்ஜின் அதிகமாகச் சூடாகி, கீழ்வேகத்தில் இழுவையும் குறையலாம். அகலமான டயரும் அப்படித்தான். ஒடுங்கிய ரிம்மில் அதை மாட்டும்போது டயரின் வளைவு உருமாறி, வண்டி சாயத் தயங்கும். வண்டியின் உயரத்தைக் குறைக்கும் லிங்குகளை (சஸ்பென்ஷனை இணைக்கும் தண்டுகளை) பின்பக்கம் மட்டும் பொருத்தினால் முன்ஃபோர்க்கின் சாய்வு மாறுவதோடு, தாழ்ந்த வண்டிக்குச் சைடு ஸ்டாண்டும் அதிக நீளமாகிப்போய் வண்டி நிமிர்ந்து நின்று எளிதில் சாய்ந்துவிடும். ஹேண்டில்பாரை உயர்த்துபவர்கள், அதை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, கேபிள்களும் பிரேக் குழாயும் எங்கும் இழுபடாமல் இருப்பதைப் பார்க்காமல் சாலைக்குச் செல்லக்கூடாது. கண்ணாடிகளையும் பின் மட்கார்டையும் அழகுக்காகக் கழற்றுவது பற்றி நான் வாதிடப்போவதில்லை; அவை மாட்டியே இருக்கட்டும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிய பின் வண்டி அதிர்ந்தால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க மூன்றையும் கழற்ற நேரும். உத்தரவாதத்தையும் காப்பீட்டையும் உங்கள் பகுதியின் வாகன விதிகளையும் அந்த மாற்றம் எப்படிப் பாதிக்கும் என்று முன்னதாகவே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை அவற்றுக்குரிய போல்ட்டுகளோடு சேர்த்து, எந்த இடத்துக்கு உரியவை என்று எழுதி, ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அந்தப் பெட்டியைத்தான் வாங்குபவர் முதலில் கேட்பார்.