சுயநிதிக் கல்லூரியில் பேராசிரியர்கள் நிலைத்திருக்க நிர்வாகம் செய்ய வேண்டியவை

முதலில் கணக்கெடுங்கள். கடந்த 3 கல்வியாண்டுகளில் விலகிய ஒவ்வொருவருக்கும் துறை, பணியாற்றிய மாதங்கள், விலகிய மாதம், பிஎச்.டி. முடித்தவரா என்று குறியுங்கள். முதல் ஆண்டிலேயே போகிறவர்கள் அதிகம் என்றால் பணிச்சுமையைப் பாருங்கள். பிஎச்.டி. கிடைத்ததும் போகிறார்கள் என்றால் சம்பளத்தையும் பதவி உயர்வையும் பாருங்கள்.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். சேரும் நாளில் சரிபார்த்து, நகலெடுத்து, அன்றே திருப்பிக் கொடுங்கள். இப்படிப் பிடித்து வைக்கப்பட்டவர் வேறு வேலை தேடிக்கொண்டேதான் இருப்பார். நல்ல விண்ணப்பதாரர்களும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். செமஸ்டர் நடுவில் விலகிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. அதற்கு, செமஸ்டர் முடிவில்தான் விடுவிப்பு என்று நியமன ஆணையில் எழுதுங்கள். ஆனால் விடுமுறை என்று மே மாதச் சம்பளத்தை வெட்டும் நிர்வாகம் இதை எதிர்பார்க்க முடியாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், பேராசிரியருக்கு 14. டைம் டேபிளில் 16 தான் தெரியும். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் அமைப்புக்கான கோப்புகள், மென்டரிங், பஸ் டியூட்டி, அட்மிஷனுக்காகப் பள்ளி பள்ளியாக அலைவது எதுவும் அதில் வராது. எல்லாவற்றையும் மணிக்கணக்கில் ஒரே தாளில் எழுதித் துறையில் அனைவரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். வயதில் இளையவர், மறுத்துப் பேசாதவர் தலையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அப்போதுதான் புரியும். புதியவருக்கு முதல் செமஸ்டரில் 2 பாடங்களுக்கு மேல் வேண்டாம். ஒன்றுக்காவது முன்பு நடத்தியவரின் குறிப்புகளைக் கொடுங்கள். பிஎச்.டி. செய்பவருக்கு வாரத்தில் ஒரு நாள் வகுப்பில்லாமல் விடுங்கள். அட்மிஷன் டார்கெட்டைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடவே கூடாது. ஆசிரியரின் மரியாதையை இவ்வளவு குலைப்பது வேறொன்றுமில்லை.

சம்பளம் குறித்த தேதியில் வரட்டும். பிஎச்.டி.க்கான உயர்வை அடுத்த ஜூன் வரை தள்ளாமல், வாய்மொழித் தேர்வு முடிந்த மறு மாதமே கொடுங்கள். பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) ஆசிரியர்களின் சட்ட உரிமைதான். கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15 ஆல் பெருக்கி, 26 ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து 40,000 ரூபாய் வாங்குபவருக்கு 6 ஆண்டுக்குச் சுமார் 1,38,460 ரூபாய். இதை ஆண்டுதோறும் எழுதிக் கொடுங்கள். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

விலகும்போது நடத்தும் பேட்டியில் யாரும் உண்மையைச் சொல்வதில்லை, ரிலீவிங் ஆர்டர் கையில் வர வேண்டுமே. அதனால் விலகல் கடிதம் வருவதற்கு முன்பே, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஒவ்வொருவரோடும் 30 நிமிடம் தனியாகப் பேசுங்கள். துறைத்தலைவரே பிரச்சினையாக இருக்கலாம், ஆகவே முதல்வர் பேசுவது நல்லது. எந்த வேலையை விட்டால் பாடத்துக்கு நேரம் கிடைக்கும், அடுத்த 2 ஆண்டில் என்ன ஆக விரும்புகிறார் என்று கேளுங்கள். சொன்னதை மதிப்பீட்டு அறிக்கையில் ஏற்றினால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள். கேட்டவற்றில் ஒன்றையாவது 2 வாரத்துக்குள் முடித்துக் கொடுங்கள். முடியாததை ஏன் முடியாது என்று நேரில் சொல்லுங்கள்.