‘அனுமதி இலவசம்’ என்று போட்டால் மட்டும் கூட்டம் வந்துவிடுமா?

சேலத்தில் கச்சேரி, நாடகம், ஓவியக் கண்காட்சி நடத்துகிறவர்கள் அடிக்கடி சொல்கிற புலம்பல்: "இலவசமா வெச்சாலும் நம்ம ஊர் சனம் வராதுங்க, ரசனை இல்லை." முதல் தவறே இதுதான். ஆடியில் நம்ம ஊர் குகை வட்டாரத்துக்கு, சாமி வேஷம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கைக்குப் போய்ப் பாருங்கள். தறிக்காரர்களும் கொலுசுப் பட்டறைக்காரர்களும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, எந்த வேஷம் பொருத்தம், எதில் அலங்காரம் கொஞ்சம் குறைச்சல் என்று அலசுவார்கள். விடிய விடிய தெருக்கூத்து பார்க்கிற சனத்துக்கா ரசனை இல்லை?

அடுத்தது வாசல். காரில் வந்து இறங்குபவரிடம் வாட்ச்மேன் எதுவும் கேட்பதில்லை, லுங்கியோடு டிவிஎஸ் ஐம்பதில் வந்தவரிடம் மட்டும் "யாரைப் பார்க்கணும்?" என்கிறார். அதைக் கேட்டவர் அப்படியே வண்டியைத் திருப்பிவிடுவார், அவர் போய்ச் சொன்னால் அவர் தெருவில் இருந்து இனி ஒருவரும் வரமாட்டார்கள். நீங்கள் அழைப்பிதழுக்குச் செலவழித்த காசெல்லாம் அந்த இடத்திலேயே வீண். வாட்ச்மேனைக் குறை சொல்லிப் பயனில்லை, யாரை நிறுத்தணும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நாம்தான். அம்மாபேட்டையிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ நாலு பேருக்குத் தெரிந்த ஓர் ஆளை வாசலில் நிறுத்தி, "வாங்கண்ணா, உள்ள எங்க வேணாலும் உட்காருங்க" என்று சொல்ல வையுங்கள்.

அப்படிச் சொன்னால் உள்ளேயும் அது உண்மையாக இருக்க வேண்டும். முன்வரிசை சோபாக்களை வராத பிரமுகர்களுக்காகக் கடைசிவரை காலியாக வைக்காதீர்கள். குழந்தை அழுதால் மொத்த அரங்கமும் திரும்பி முறைக்க வேண்டாம். தமிழ்ப் பாட்டுக்கு இங்கிலீஷில் அறிமுகம் எதற்கு? வார நாளில் மாலை ஆறு மணிக்குப் பட்டறை மூடியிருக்காது, முடியும்போது டவுன் பஸ்ஸும் இருக்கணும். நேரத்தை வைக்கும்போது இதையும் பாருங்கள்.

சென்னையில் 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குடியிருப்பிலேயே மேடை போட்டுக் கர்நாடக சங்கீதம் பாடினார்கள். நாமும் அப்படித் தெருவுக்குப் போகலாம், கட்டாயம் போகணும். ஆனால் ஒருநாள் போய்வந்துவிட்டு அரங்கத்து கேட்டைப் பழையபடியே வைத்திருப்பதும் தவறுதான்.

ஏற்காட்டில் விழா நடத்துபவர்களுக்கும் ஒன்று. அந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களை ஆடுவதற்கு மட்டும் கூப்பிட்டு, ஆட்டம் முடிந்ததும் வேனில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவை நடத்திப் பழகியவர்கள் அவர்கள். நிகழ்ச்சி நிரல் போடும் கூட்டத்துக்கே அவர்களைக் கூப்பிடுங்கள், சம்பளத்தையும் முன்னாலேயே பேசிவிடுங்கள், ஆடி முடித்தபின் குடும்பத்தோடு உட்கார்ந்து மற்ற நிகழ்ச்சிகளைப் பார்க்க முன்வரிசையில் இடம் போட்டு வையுங்கள்.