ஹனோய் முதல் சைகோன் வரை ரயிலில்: முதல்முறை போகிறவர்களுக்கு

வியட்நாமை விமானத்தில் தாவித் தாவிப் பார்த்தால் வடக்கும் தெற்கும் எவ்வளவு வேறு என்பது பிடிபடாது. ஹனோயிலிருந்து சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) வரை 1,726 கி.மீ. ரயில் பாதை இருக்கிறது. போரில் துண்டுபட்டு, 1976 டிசம்பர் 31 முதல் மறுபடி ரயில் ஓடும் பாதை. முதுகுப்பை ஒன்று, பத்துப் பன்னிரண்டு நாள் லீவு, போதும்.

1. இ-விசா எடுங்கள். ஒருமுறை நுழைய 25 டாலர். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இனிஷியலை விரித்து எழுதியிருப்பவர்கள் இரண்டு தடவை சரிபாருங்கள்.

2. நோட்டைப் பழகுங்கள். 20,000 டாங், 5,00,000 டாங் இரண்டும் நீலம். ஹனோயில் முதல் நாள் காபிக்கு நான் பெரிய நோட்டை நீட்டிவிட்டு நடையைக் கட்ட, கடைக்கார அம்மா பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தந்தார். அன்றிலிருந்து பெரிய நோட்டு தனிப் பையில்.

3. ஹனோயின் பழைய நகரில் இரண்டு நாள். சாலையைக் கடக்க ஸ்கூட்டர்கள் நிற்கும் என்று காத்திருந்தால் பொழுது சாய்ந்துவிடும். ஒரே வேகத்தில் மெதுவாக நடங்கள், அவர்களே விலகிப் போவார்கள். நடுவில் தயங்கி நிற்பதும் பின்வாங்குவதும்தான் ஆபத்து. டிசம்பர், ஜனவரி என்றால் ஸ்வெட்டர் வேண்டும்.

4. ராத்திரி ரயிலில் ஹுவே. நான்கு பெர்த் அறையே எடுங்கள். ஆறு பெர்த் அறையின் மேல் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார முடியாது. 1945 வரை அரசர்கள் இருந்த ஊர். கோட்டையைப் பார்க்க ஒரு நாள்.

5. ஹுவே–டா நாங் மட்டும் கட்டாயம் பகலில். இடப்பக்க ஜன்னல் கேளுங்கள். ஹாய் வான் மலையை ரயில் வளைந்து சுற்றும்போது கடல் காலடியில் கிடக்கும். மொத்தப் பயணத்துக்கும் இந்த மூன்று மணி நேரமே ஈடு.

6. அடுத்து, பழைய துறைமுக ஊரான ஹோய் ஆன். அங்கே ரயில் நிலையம் கிடையாது. டா நாங்கில் இறங்கி 30 கி.மீ. சாலையில் போக வேண்டும். பக்கத்தில் மீ சோன்: இந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் இன அரசர்கள் கட்டிய சிவன் கோயில்கள். காலையில் சீக்கிரம் போங்கள், வெயில் தாங்காது. சைவச் சாப்பாடு வேண்டுபவர்கள் கடையில் 'அன் சாய்' என்று சொன்னால் போதும்.

7. கடைசியாக சைகோன். இங்கே ஸ்வெட்டர் முதுகுப்பையின் அடிக்குப் போய்விடும், காபியில் ஐஸ் மிதக்கும். பென் தான் சந்தைக்கு அருகே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில். உள்ளூர் வியட்நாமியர்கள் ஊதுபத்தியோடு வரிசையில் நிற்பார்கள். நாமும் அவர்களுக்குப் பின்னால்.